தார் மாதிரி எண்ணெயை பெட்ரோலாக்கியவர்: நோபல் விஞ்ஞானி பெர்கியஸ் ஜெயித்ததும் தோற்றதும்

கச்சா எண்ணெயை சுத்திகரிப்பு ஆலையில் காய்ச்சினால் முதலில் கேஸ் வரும், அப்புறம் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று வரிசையாகப் பிரியும். கடைசியில் அடியில் ஒன்று தங்கும். தார் மாதிரி கறுப்பாக, கெட்டியாக, ஆறினால் கரண்டி கூட நகராத அளவுக்கு. வெனிசுலாவின் ஒரினோகோ பகுதியிலும் கனடாவின் ஆல்பர்ட்டாவிலும் பூமிக்குள்ளிருந்து எடுக்கும்போதே எண்ணெய் கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருக்கிறது.

இந்த அடிக்கசடை வீணாக்காமல் பெட்ரோலாகவும் டீசலாகவும் மாற்ற முடியும். அதற்கான வழியை 100 வருடங்களுக்கு முன்பே காட்டியவர் ஃபிரெட்ரிக் பெர்கியஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர். அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பெரிய பணம் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் கண்டுபிடித்த எரிபொருள் ஹிட்லரின் போர் விமானங்களைப் பறக்க வைத்தது. அவர் இறந்ததோ சொந்த நாட்டிலிருந்து வெகு தூரத்தில், அர்ஜென்டினாவில்.

யார் இந்த பெர்கியஸ்? அவர் செய்தது என்ன? இன்றைய ஆலைகளில் அது எப்படி வேலை செய்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

ஆலைக்குள் வளர்ந்த பையன்

1884ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் தேதி, அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகருக்கு அருகில் உள்ள கோல்ட்ஷ்மீடன் என்ற ஊரில் பெர்கியஸ் பிறந்தார். அந்த பிரெஸ்லாவ் இன்று போலந்தில் வ்ரோட்ஸ்வாஃப் என்ற பெயரில் இருக்கிறது. அப்பா ஹைன்ரிக் அங்கே ஒரு ரசாயன ஆலை நடத்தி வந்தார். அதனால் சின்ன வயதிலேயே கொப்பரை, குழாய், அமில வாசனை எல்லாம் பையனுக்குப் பழகிவிட்டது.

கல்லூரிக்குப் போவதற்கு முன்பு ரூர் பகுதியில் உள்ள ஒரு இரும்பு ஆலையின் ஆய்வகத்தில் 6 மாதம் வேலை பார்க்க அப்பா அனுப்பி வைத்தார். படிப்பு வேறு, தொழில் வேறு என்று இரண்டாகப் பார்க்காத மனிதராக அவர் ஆனதற்கு இந்த வளர்ப்பும் ஒரு காரணம்.

பிரெஸ்லாவிலும் லைப்ஸிக்கிலும் வேதியியல் படித்து 1907இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகு அவர் போய்ச் சேர்ந்த இடங்கள்தான் முக்கியம். பெர்லினில் வால்தர் நெர்ன்ஸ்ட், கார்ல்ஸ்ரூவில் ஃபிரிட்ஸ் ஹேபர். காற்றில் இருக்கும் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் அதிக அழுத்தத்தில் சேர்த்து அம்மோனியா உண்டாக்கும் முயற்சியில் ஹேபர் தீவிரமாக இருந்த காலம் அது. அங்கேதான் பெர்கியஸுக்கு ஒரு விஷயம் புரிந்தது. சாதாரண அழுத்தத்தில் நடக்கவே நடக்காத ரசாயன மாற்றங்கள், அழுத்தத்தை ஏற்றினால் நடக்கும். ஆனா அந்த அழுத்தத்தைத் தாங்குகிற, கசியாத பாத்திரம் யாரிடமும் சரியாக இல்லை.

1909இல் ஹனோவர் நகருக்கு வந்தவர் அங்கே தனியாக ஒரு ஆய்வகம் அமைத்தார். முதலில் செய்தது ரசாயனமே இல்லை. கசியாத மூடி, தாங்கும் வால்வு, உடையாத உருளை. இந்த இரும்பு வேலைதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

மரத்தை நிலக்கரியாக்கிய சோதனை

பூமிக்கு அடியில் மரமும் செடியும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுந்தி நிலக்கரி ஆகின்றன. இதை ஆய்வகத்தில் சில மணி நேரத்தில் செய்ய முடியுமா என்று பெர்கியஸ் பார்த்தார். மரத்தின் செல்லுலோஸையும் கரிமண்ணையும் தண்ணீரோடு சேர்த்து, மூடிய பாத்திரத்தில் அழுத்தத்தில் வைத்து 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினார். கிடைத்தது நிலக்கரி போன்ற கறுப்புப் பொருள். பிரஷர் குக்கரில் சாதம் சீக்கிரம் வேகிற அதே கதைதான், அளவு மட்டும் ரொம்பப் பெரியது.

அடுத்த கேள்வி இயல்பாக வந்தது. நிலக்கரியையே எண்ணெயாக மாற்ற முடியுமா?

சிக்கல் எங்கே?

சிம்பிளாகச் சொன்னால், நிலக்கரி, கன எண்ணெய், பெட்ரோல் மூன்றிலும் இருப்பது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். வித்தியாசம் அளவில். எடைக் கணக்கில் பெட்ரோலில் ஹைட்ரஜன் சுமார் 14 சதவீதம். அடிக்கசட்டில் 10 முதல் 11 சதவீதம். நிலக்கரியில் 5 சதவீதம் அளவுக்குத்தான். அதாவது, கன எண்ணெயில் ஹைட்ரஜன் குறைவு, மூலக்கூறுகளோ ரொம்பப் பெரியவை.

பெரிய மூலக்கூறை உடைக்க 400 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் போதும். ஆனால் உடைந்த முனைகள் சும்மா இருக்காது. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு முன்பைவிடப் பெரியதாகி, கடைசியில் கெட்டிக் கரியாகப் படிந்துவிடும். அடுப்பில் வைத்த கஞ்சி அடிப்பிடிக்கிற மாதிரி. தொழிலில் இதற்குப் பெயர் கோக்.

பெர்கியஸ் கண்டது இதற்கான மருந்து. உடைகிற அதே நேரத்தில் பக்கத்தில் நிறைய ஹைட்ரஜன் இருந்தால், உடைந்த முனையில் ஹைட்ரஜன் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் அது வேறெதோடும் ஒட்டாது, கரியும் படியாது. இதைக் கன எண்ணெயிலும் நிலக்கரியிலும் செய்து காட்டி, 1913இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தேவைப்பட்ட அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல சுமார் 200 மடங்கு. ஒரு கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 90 மடங்கு அதிகம். அப்போது அவருக்கு வயது 29 கூட முழுசாக ஆகவில்லை.

வாயு, திரவம், திடம்: மூன்றும் ஒரே பாத்திரத்தில்

கண்ணாடிக் குடுவை அளவில் ஜெயிப்பது வேறு, ஆலை அளவில் ஜெயிப்பது வேறு. 1914இல் எஸன் நகரின் கோல்ட்ஷ்மிட் நிறுவனம் பெர்கியஸை அழைத்தது. மான்ஹைம் அருகே ரைனாவ் என்ற இடத்தில் ஆலை கட்டும் வேலை தொடங்கியது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனிக்கு எண்ணெய் அவசரமாகத் தேவை. ஆனால் போர் முடிந்த பிறகுதான் ஆலை ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் சோதனைதான்.

ஏன் இவ்வளவு தாமதம்? பிரச்னை ரசாயனத்தில் இல்லை. பாத்திரத்துக்குள் பொருட்கள் எப்படி ஓடுகின்றன என்பதில்தான் இருந்தது.

நிலக்கரியை வெறும் கட்டியாகப் போட்டால் உள்ளே சூடு ஒரே சீராகப் பரவாது. அழுத்தத்தில் இருக்கும் பாத்திரத்துக்குள் கட்டியைத் தொடர்ந்து தள்ளவும் முடியாது. பெர்கியஸ் கண்ட வழி, கரியைத் தூளாக்கி கன எண்ணெயில் குழைப்பது. தோசை மாவு பதத்தில் இருந்தால் பம்ப் வைத்தே உள்ளே தள்ளலாம். சூட்டையும் எண்ணெய் வாங்கிக்கொள்ளும். கந்தகத்தை உறிஞ்சிக்கொள்ள இரும்பு ஆக்சைடு தூளையும் அதில் கலந்தார். அந்தத் தூள் வினையூக்கியாகவும் உதவியது பின்னர்தான் தெளிவானது.

இப்போது அந்தப் பாத்திரத்துக்குள் மூன்று நிலைகள். ஹைட்ரஜன் என்ற வாயு, எண்ணெய் என்ற திரவம், தூள் என்ற திடம். இன்று பொறியியலில் மும்மை நிலை உலை என்று சொல்லப்படும் வகையின் ஆரம்பகால வடிவங்களில் இது ஒன்று. உள்ளே நடப்பதை நான்கு படிகளாகப் பிரிக்கலாம்.

* ஹைட்ரஜன் குமிழிகளாக மேலே ஏறும்.
* குமிழியிலிருந்து ஹைட்ரஜன் எண்ணெயில் கரையும். கோலி சோடாவில் கேஸ் கரைந்திருப்பது மாதிரி.
* கரைந்த ஹைட்ரஜன் எண்ணெய் வழியாக நகர்ந்து வினையூக்கித் துகளைத் தொடும்.
* அங்கேதான் உடைந்த மூலக்கூறோடு சேரும்.

இந்தச் சங்கிலியில் எந்தப் படி மெதுவாக நடக்கிறதோ, அதுதான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கும். குமிழிகள் பெரிதாக இருந்தால் அவை வேகமாக மேலே ஓடிவிடும், கரைய நேரம் இருக்காது. சின்னச் சின்னதாக இருந்தால் எண்ணெயைத் தொடும் பரப்பு கூடும், கரைவதும் கூடும். துகள்கள் அடியில் தங்கிவிட்டால் அந்த இடத்தில் ஹைட்ரஜன் கிடைக்காது, கோக் படியும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஹைட்ரஜன் சேரும்போது வெப்பம் வெளியாகும். கலக்கல் சரியில்லாத மூலையில் சூடு ஏறிக்கொண்டே போகும், அந்தச் சூட்டில் வினை இன்னும் வேகமாகும். 200 மடங்கு அழுத்தத்தில் ஹைட்ரஜன் இருக்கும் பாத்திரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ரைனாவில் பெர்கியஸ் படுக்கை வசத்தில் வைத்த உருளைகளுக்குள் கலக்கிகளைச் சுழல விட்டார். பின்னால் வந்தவர்கள் கலக்கியைத் தூக்கிவிட்டு, உயரமான செங்குத்து உருளைகளுக்கு மாறினார்கள். ஏறும் ஹைட்ரஜன் குமிழிகளே கலக்கும் வேலையையும் பார்த்துக்கொண்டன.

காப்புரிமை கைமாறியது

ரைனாவ் ஆலை காசை விழுங்கிக்கொண்டே இருந்தது. ஒரு தனி மனிதரால் தாங்கக்கூடிய செலவு இல்லை அது. 1925இல் காப்புரிமை பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனத்திடம் போனது. ஹேபரின் அம்மோனியாவை ஆலை அளவுக்குக் கொண்டுவந்த கார்ல் போஷ் அங்கே தலைமையில் இருந்தார். அதே வருடம் அந்த நிறுவனம் மற்ற ரசாயன நிறுவனங்களோடு இணைந்து ஐ.ஜி. ஃபார்பென் என்ற ராட்சத நிறுவனமாக மாறியது.

அங்கே மத்தியாஸ் பியர் தலைமையிலான குழு பெரிய தடை ஒன்றை உடைத்தது. நிலக்கரியிலும் கன எண்ணெயிலும் இருக்கும் கந்தகம், வழக்கமான வினையூக்கிகளை விஷம் மாதிரி செயலிழக்க வைக்கும். மாலிப்டினம், டங்ஸ்டன் ஆகியவற்றின் சல்பைடுகள் கந்தகத்தைத் தாங்கின. கன எண்ணெய் ஆலைகள் இன்றும் நம்பியிருப்பது மாலிப்டினம் சல்பைடைத்தான். 1927இல் லாய்னா என்ற இடத்தில் பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் வரத் தொடங்கியது.

அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் ஆஃப் நியூஜெர்சி நிறுவனமும் இதைக் கவனித்தது. அவர்களுக்கு நிலக்கரி முக்கியம் இல்லை. ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயின் அடிக்கசடையும் பெட்ரோலாக்க முடியும் என்றால் லாபம் எங்கேயோ போகும். 1929இல் ஜெர்மனிக்கு வெளியே இந்த உரிமைகளைப் பெற, சுமார் 3.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை ஸ்டாண்டர்ட் ஆயில் கொடுத்தது. அது போனது ஐ.ஜி. ஃபார்பெனுக்கு, பெர்கியஸுக்கு இல்லை.

கூடவே கெட்ட நேரமும் வந்தது. 1930இல் கிழக்கு டெக்சாஸில் மாபெரும் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. உலகப் பொருளாதாரமும் சரிந்து கிடந்தது. மண்ணைத் தோண்டினாலே எண்ணெய் கொட்டும்போது, கரியை அழுத்தி எண்ணெய் எடுக்க யார் செலவு செய்வார்கள்?

அப்படிப்பட்ட நேரத்தில்தான், 1931இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெர்கியஸுக்கும் போஷுக்கும் சேர்த்து அறிவிக்கப்பட்டது. உயர் அழுத்த வேதியியல் முறைகளை உருவாக்கி வளர்த்ததற்கான பரிசு. ஒரு தூய கோட்பாட்டுக்காக இல்லாமல் தொழில்நுட்பத்துக்காக நோபல் கொடுக்கப்பட்ட அபூர்வமான சந்தர்ப்பம் அது.

எண்ணெயை விட்டுவிட்டு சர்க்கரைக்குப் போனார்

காப்புரிமை கைமாறிய பிறகு பெர்கியஸ் பழைய வேலையைத் தொடரவில்லை. மரத்திலிருந்து சர்க்கரை எடுக்கும் வேலையில் இறங்கினார். மரத்தின் செல்லுலோஸ் என்பது சர்க்கரை மூலக்கூறுகள் கோர்த்த சங்கிலிதான். அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வைத்து அந்தச் சங்கிலியை அறுத்தால் சர்க்கரை கிடைக்கும், அதிலிருந்து மாட்டுத் தீவனமும் ஈஸ்ட்டும் சாராயமும் செய்யலாம். முதல் உலகப் போரில் ஜெர்மனி பட்டினியில் தவித்ததைப் பார்த்தவர் அவர். எண்ணெய்க்கு வழி கண்டாச்சு, சோற்றுக்கும் ஒரு வழி வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

கையில் இருந்த பணத்தில் பெரும்பகுதியை இதில்தான் போட்டார். அமிலம் இரும்பை அரித்தது, அதைத் திரும்பப் பிடித்து மறுபடி பயன்படுத்துவது செலவு வைத்தது. ஆலைகள் அமைந்தன, உற்பத்தியும் நடந்தது. ஆனால் எடுத்த பணத்தைத் திருப்பித் தருகிற தொழிலாக அது மாறவே இல்லை.

ஹிட்லர் வந்தபின் மாறிய கணக்கு

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். சந்தையில் நஷ்டம் தரும் செயற்கை பெட்ரோல், போருக்குத் தயாராகும் அரசுக்குத் தங்கம். அந்த டிசம்பரில் ஐ.ஜி. ஃபார்பெனோடு அரசு ஒப்பந்தம் போட்டது. லாய்னா பெட்ரோலுக்கு விலை உத்தரவாதம் கொடுத்தது. அடுத்த பத்து வருடங்களில் ஜெர்மனி முழுக்க 12 ஹைட்ரஜனேற்ற ஆலைகள் எழுந்தன. ஜெர்மன் விமானப் படையின் எரிபொருளில் மிகப் பெரும் பகுதி இவற்றிலிருந்துதான் வந்தது.

இந்த ஆலைகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. பல இடங்களில் கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் கட்டாயத் தொழிலாளர்களும் வதைமுகாம் கைதிகளும் வேலை வாங்கப்பட்டார்கள். ஆஷ்விட்ஸின் கிளை முகாம் ஒன்று பிளெக்ஹாமர் ஆலையை ஒட்டியே இயங்கியது.

1944ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி அமெரிக்க விமானங்கள் லாய்னா உள்ளிட்ட ஆலைகள் மீது குண்டு வீசத் தொடங்கின. செயற்கை ஆலைகளிலிருந்து ஏப்ரலில் 1,75,000 டன்னாக இருந்த விமான பெட்ரோல் உற்பத்தி, செப்டம்பரில் வெறும் 5,000 டன்னுக்கு விழுந்தது. விமானங்கள் இருந்தன, ஊற்ற எரிபொருள் இல்லை.

பெர்கியஸ் இந்த ஆலைகளை நடத்தவில்லை. ஆனால் அவர் போட்ட பாதை இல்லாமல் இந்த ஆலைகளும் இல்லை. ஒரு கண்டுபிடிப்பு, கண்டுபிடித்தவர் கையை விட்டுப் போன பிறகு என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

கடைசி நாட்கள்

போர் முடிந்தபோது அவருக்கு வயது 60. இடிந்து கிடந்த ஜெர்மனியில் அவருக்கு வேலை இல்லை. ஆஸ்திரியாவில் கொஞ்ச நாள், ஸ்பெயினில் ஒரு முயற்சி என்று அலைந்தார். கடைசியாக அர்ஜென்டினா அரசு அழைத்தது. தொழில்துறை ஆலோசகராக பியூனஸ் அயர்ஸ் போய்ச் சேர்ந்தார். 1949ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் தேதி அங்கேயே காலமானார். 64 வயது.

இன்று எங்கே இருக்கிறது அந்த உலை?

நிலக்கரியிலிருந்து நேரடியாக எண்ணெய் எடுக்கும் பெரிய ஆலை சீனாவின் உள் மங்கோலியாவில் 2008இல் ஓடத் தொடங்கியது. ஆனால் பெர்கியஸின் யோசனை உண்மையில் உயிரோடு இருப்பது கன எண்ணெய் சுத்திகரிப்பில்தான். அதில் இரண்டு வகை முக்கியம்.

முதலாவது, கொதிபடுகை உலை. 1960களில் அமெரிக்காவின் லேக் சார்ல்ஸில் வணிக அளவில் வந்தது. அரிசி நொய் அளவுக்கே இருக்கும் வினையூக்கித் துகள்களை ஒரு பெரிய உருளையில் நிரப்பி, கீழிருந்து எண்ணெயையும் ஹைட்ரஜனையும் மேல்நோக்கிச் செலுத்துவார்கள். உலையில் கொதிக்கும் அரிசி எப்படித் துள்ளுமோ, அப்படி துகள்கள் மிதந்து ஆடும். வெளியேயும் போகாது, அடியிலும் தங்காது. சூடு ஒரே சீராக இருக்கும். ஆலையை நிறுத்தாமலே பழைய வினையூக்கியை எடுத்துவிட்டு புதியதைப் போடலாம்.

இரண்டாவது, குழம்பு நிலை உலை. இதில் வினையூக்கி கண்ணுக்கே தெரியாத நுண்தூள். எண்ணெயோடு சேர்ந்தே ஓடும். பெர்கியஸின் மூலத் திட்டத்துக்கு ரொம்ப நெருக்கமானது இதுதான். இத்தாலியின் சன்னாஸ்ஸாரோ சுத்திகரிப்பு ஆலையில் எனி நிறுவனம் 2013இல் இப்படி ஒன்றைத் தொடங்கியது.

பழைய தலைவலியும் கூடவே இருக்கிறது. குமிழிகள் உள்ளே எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பது இன்றும் பெரிய கேள்வி. அழுத்தம் கூடக் கூட குமிழிகள் சிறிதாகும், மெதுவாக ஏறும், நிறைய தங்கும். ஹைட்ரஜன் கரைய அது நல்லது. ஆனால் வாயு அடைத்த இடம் எண்ணெய்க்குக் கிடைக்காது, எண்ணெய் உள்ளே இருக்கும் நேரம் குறையும். சில எண்ணெய்கள் பால் மாதிரி பொங்கி நுரைக்கும். அந்த நுரை மறுசுழற்சி பம்புக்குள் போனால் துகள்களின் ஆட்டமே குலைந்துவிடும்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்கவும் முடியாது. கனமான எஃகுச் சுவர், 400 டிகிரிக்கு மேல் சூடு, உள்ளே கும்மிருட்டு நிறத்தில் எண்ணெய். அதனால் காமா கதிரை ஊடுருவ விட்டு எங்கே வாயு, எங்கே திரவம் என்று அளக்கிறார்கள். ஆய்வகங்களில் ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீரும் கண்ணாடி மணிகளும் காற்றும் வைத்து மாதிரி செய்து பார்க்கிறார்கள்.

2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற சர்வதேச விதி வந்தது. அடிக்கசடை அப்படியே கப்பலுக்கு விற்பது முன்பு போல எளிதாக இல்லை. அதனால் இந்த உலைகளின் தேவை இன்னும் கூடியது. அதே நேரம், இவற்றுக்கு வேண்டிய ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் வருகிறது. அதைத் தயாரிக்கும்போது கரியமில வாயு வெளியேறுகிறது என்ற விமர்சனமும் இருக்கிறது.

பெர்கியஸ் சும்மா செய்து பார்த்ததாகத் தோன்றிய அந்த முதல் சோதனையும் வீண் போகவில்லை. செடிக்கழிவையும் கழிவுநீர்ச் சேற்றையும் தண்ணீரோடு சேர்த்து அழுத்தத்தில் சூடாக்கிக் கரியாக்கும் முறை, இந்த நூற்றாண்டில் மறுபடியும் ஆய்வுக்கு வந்திருக்கிறது. காயவைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் ஈரக் குப்பையைக் கையாளலாம் என்பதுதான் அதன் பலம். 1913இல் ஹனோவரில் ஒரு இளைஞர் செய்து பார்த்தது அதைத்தான்.